காய் நறுக்கும் பாயா, அடுப்படியா? ஓமானில் ஆங்கில விரிவுரையாளர் வேலை

முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பாருங்கள். கோட்டை அடுப்புப் பக்கம் மாஸ்டர் நிற்பார். உக்கிராண அறைச் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும். ஒரு மூலையில் பழைய பாயை விரித்துப் பத்துப் பேர் விடிய விடியக் காய் நறுக்குவார்கள். அவர்களை அழைத்து வந்தது கல்யாண வீட்டார் இல்லை. மாஸ்டரும் இல்லை. ஆள் அனுப்புகிற ஒரு காண்ட்ராக்டர். மறுநாள் பந்தியில் சாம்பார் பிரமாதம் என்றால் பெயர் மாஸ்டருக்குப் போகும். நறுக்கியவருக்குக் கூலி பாக்கி என்றால் அதைக் கல்யாண வீட்டாரிடம் போய்க் கேட்க முடியாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு அழைப்பு வந்து, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு இரண்டை. உங்களை உட்கார வைக்கப்போவது காய் நறுக்கும் பாயிலா, அடுப்படியிலா? கூலி தரப்போவது கல்யாண வீட்டாரா, காண்ட்ராக்டரா? சம்பளம், விடுமுறை, பணிக்கொடை, ஊர் திரும்பிய பிறகு அந்த அனுபவத்துக்குக் கிடைக்கும் மதிப்பு எல்லாமே இந்த இரண்டு பதில்களிலிருந்துதான் வருகின்றன. தமிழ்நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் தேடிப் போகிற இடங்களில் ஒன்று என்பதால் ஓமானை எடுத்துக்கொள்கிறேன். சவூதியிலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். அங்கே இதை ‘ஆயத்த ஆண்டு’ என்பார்கள்.

எதற்காக இத்தனை அரிவாள்மணை?

ஓமான் அரசுப் பள்ளிகளில் பாடமொழி அரபு. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தால் பொறியியல், கணினி, வணிகம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 12-ஆம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளையை நேராகப் பொறியியல் முதலாண்டில் உட்கார வைப்பது, முழுப் பூசணியை அப்படியே கொதிக்கிற அண்டாவுக்குள் போடுகிற வேலை. வேகாது. அதனால் பட்டப்படிப்புக்கு முன்னால் ‘பவுண்டேஷன்’ என்கிற அடித்தளப் படிப்பு வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதுக்குமான பொதுத் தர வரையறை 2008-ல் வந்தது. ஆங்கிலம், கணிதம், கணினி, படிப்புத் திறன் என்று அதில் நான்கு பகுதிகள். ஆங்கிலத்தில் தேறி வெளியே போவதற்கான அளவு ஏறக்குறைய ஐ.இ.எல்.டி.எஸ். 5 மதிப்பெண்.

சேர்ந்தவுடன் தரம் பிரிக்கும் தேர்வு நடக்கும். நன்றாக எழுதியவர்கள் மேல்நிலையில் சேர்வார்கள், சிலர் அடித்தளப் படிப்பைத் தாண்டியே போய்விடுவார்கள். மற்றவர்கள் கீழ்நிலையிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகம் 1986-ல் திறந்தது. 2020-ல் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளையும் ஒன்றாக்கித் தொழில்நுட்ப, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் அமைத்தார்கள். மஸ்கட், நிஸ்வா, இப்ரா, இப்ரி, சலாலா, ஷினாஸ் என்று அதற்குப் பல ஊர்களில் வளாகங்கள். இவற்றோடு தனியார் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் உண்டு. இத்தனை இடங்களிலும் காய் நறுக்க ஆள் வேண்டும்.

விளம்பரத்தில் ‘பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளர்’ என்று இருந்தால் பெரும்பாலும் இந்தப் பாய்தான். அடுப்படி என்பது ஆங்கிலத் துறை. அங்கே இடங்கள் குறைவு. முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரை எல்லாம் கேட்பார்கள், பதவிப் பெயரும் உதவிப் பேராசிரியர் என்று இருக்கும். விக்டோரியா கால நாவலில் ஆய்வு செய்துவிட்டுப் போகிறவர் இரண்டாம் நிலை மாணவர்களுக்குப் பத்தி எழுதச் சொல்லிக் கொடுப்பார். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பாயில் உட்கார்ந்து பார்த்தால்

வேலை ஞாயிறு முதல் வியாழன் வரை. வாரத்துக்குப் பதினெட்டு, இருபது மணி நேரம் வகுப்பு என்பது பொதுவான அளவு. அதுபோக, மாணவர் வந்து சந்தேகம் கேட்க அறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் தனி.

எந்த வாரம் எந்தப் பக்கம், எந்தத் தேர்வு என்பதெல்லாம் ஒருங்கிணைப்பாளர் தரும் அட்டவணையில் இருக்கும். அவியலுக்கு விரல் நீளம், கூட்டுக்குப் பொடி என்று மாஸ்டர் சொன்னபடிதான் நறுக்க வேண்டும். ‘எங்கள் ஊரில் இப்படித்தான்’ என்று நம் கைப்பக்குவத்தைக் காட்ட அங்கே இடமில்லை. சுயமாகப் பாடத்திட்டம் வகுத்து, தானே கேள்வித்தாள் தயாரித்துப் பழகியவருக்கு முதல் பருவம் கசக்கும். நம்மூர் இணைப்புக் கல்லூரிகளில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள் ஓடிப் பழகியவருக்கு அவ்வளவு கசக்காது.

ஒரு மாணவனின் தாளை எடுத்துக்கொள்வோம். ‘என் கிராமம்’ பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறான். காரைக் கடைக்கு முன்னால் நிறுத்தினோம் என்று எழுத நினைத்தவன், எழுத்து மாறி, கார் கடைக்கு முன்னால் குரைத்ததாக எழுதியிருக்கிறான். அரபியில் ‘பழம்’ என்பதன் முதல் ஒலி கிடையாது, ‘பஸ்’ என்பதன் முதல் ஒலிதான் உண்டு. கூட்டெழுத்துகளுக்கு நடுவே இல்லாத உயிரொலி ஒன்று நுழைந்திருக்கிறது. பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன, ஏனெனில் அரபு எழுத்தில் பெரிது சிறிது என்ற பேதமே இல்லை. ‘என் அப்பா ஆசிரியர்’ என்று நாம் சொல்வதைப் போலவே அரபியிலும் வினைச்சொல் இல்லாமல் சொல்லலாம். அதனால் ஆங்கிலத்திலும் அதை விட்டுவிட்டான். லண்டனிலிருந்து வந்த ஆசிரியருக்கு இது வெறும் தவறு. தமிழ் பேசுகிற ஆசிரியருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும், ஏனென்றால் அவரும் ஒரு காலத்தில் அதே இடத்தில் இடறியவர்தான். நேர்காணலில் நம்மவர்கள் இதைச் சொல்வதே இல்லை. இலக்கியப் பட்டங்களை அடுக்குகிறார்கள்.

பருவத் தேர்வு வந்தால் அந்தத் தாள் வேறு கைக்குப் போகும். தன் வகுப்பைத் தானே திருத்தக் கூடாது என்பது பல இடங்களில் விதி. திருத்தத் தொடங்கும் முன் எல்லோரும் கூடி, மாதிரித் தாள்கள் சிலவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஏன் இந்த எண் என்று வாதிட்டு ஓர் அளவுக்கு வருவார்கள். கேட்டதை எழுதினானா, கோவையாக எழுதினானா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்று பகுதி பகுதியாக மதிப்பெண். பிறகு ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். எண்கள் அதிகமாக விலகினால் மூன்றாமவரிடம் போகும். உப்புப் பார்க்க ஒருவர் போதாது என்று வைத்திருக்கும் ஏற்பாடு இது. நம் ஊரில் ஒரே மாலையில் ஒரு கட்டுத் தாளை முடித்துப் பழகியவருக்கு இந்தப் பொறுமை புதிது. இந்த வேலையில் தொழில் கற்றுக்கொள்ள உண்மையிலேயே நல்ல இடம் இதுதான் என்பேன்.

காண்ட்ராக்டர்

அரசு வளாகங்களுக்குள் நுழைய இரண்டு வாசல்கள். ஒன்று, பல்கலைக்கழகமே நேரடியாக எடுப்பது. மற்றது, ஆள் வழங்கும் நிறுவனத்தின் வழியாக. இரண்டு பேரும் ஒரே அறையில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரே நிலை மாணவருக்குக் கற்பிப்பார்கள். மாதக் கடைசியில்தான் வித்தியாசம் தெரியும்.

நேரடி ஆளுக்கு வீடு அல்லது வீட்டுப்படி, ஆண்டுக்கு ஒரு விமான டிக்கெட், கோடை விடுமுறைச் சம்பளம் எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் வாய்ப்பு அதிகம். நிறுவனத்து ஆளுக்கு நிலைமை வேறு. நிறுவனம் டெண்டரில் விலை குறைத்து வேலையைப் பிடித்திருக்கும். அந்தக் குறைவு எங்கேயாவது இறங்க வேண்டுமே, அது பாயில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் இறங்கும். பத்து மாதச் சம்பளம் மட்டும் என்ற ஒப்பந்தங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஜூலையும் ஆகஸ்ட்டும் வீட்டு வாடகை ஓடும், வருமானம் ஓடாது. பல்கலைக்கழகம் பணம் கொடுத்த பிறகுதான் எங்களால் தர முடியும் என்று சம்பளத்தைத் தள்ளிப்போடும் நிறுவனங்களும் உண்டு. அதனால் அழைப்புக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வேலை தருபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, யாருடைய முத்திரை இருக்கிறது என்பதை. பல்கலைக்கழகத்தின் சின்னம் மேலே அழகாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவர்தான் கூலி தருபவர்.

அடுத்தது, மொத்தச் சம்பளத்துக்குள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது. ஓமானில் 2023-ல் வந்த தொழிலாளர் சட்டப்படி, வெளிநாட்டு ஊழியருக்கு வேலை முடியும்போது ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அதற்கு முந்தைய சட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளில் அது ஆண்டுக்கு அரை மாதமாக இருந்தது. கவனிக்க வேண்டிய சொல் ‘அடிப்படை’. இரண்டு பேருக்கும் மாதம் 900 ரியால் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அதில் அடிப்படை 600, மற்றவருக்கு 350, மீதி படிகள். நான்கு ஆண்டு கழித்து முதலாமவர் 2,400 ரியால் வாங்கிக்கொண்டு போவார், இரண்டாமவர் 1,400. வித்தியாசம் 1,000 ரியால். ஒரு ஓமானி ரியால் 2.60 டாலர் என்று நிலையாகக் கட்டியிருக்கிறார்கள், ஆகவே இரண்டு லட்ச ரூபாய்க்கும் மேல். பொருள் வாங்குகிற பட்டியலில் மொத்த எடை ஒன்றாகவே இருந்தாலும், உக்கிராணத்தில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு இறங்கியது என்று திறந்து பார்ப்பது இதற்காகத்தான். இந்தப் பணிக்கொடையைச் சேமிப்புத் திட்டமாக மாற்றவும் அதே ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சேரும்போது எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் நேரடி ஒப்பந்தத்துக்கு அதன் விதிகள் தனி.

ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் பழைய முதலாளி ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராவிட்டால் ஓமானுக்குள் வேறு வேலைக்கு மாற முடியாது, இரண்டு ஆண்டு வெளியே இருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடித்தவர் அந்தக் கடிதம் இல்லாமலே மாறலாம். காண்ட்ராக்டர் வழியாக உள்ளே போய், நல்ல பெயர் எடுத்து, நேரடி வேலைக்கு மாறுவது இதனால் சுலபமாகியிருக்கிறது. மோசமான ஒப்பந்தத்தைக்கூட ஒரு வாசலாக மட்டும் நினைத்து ஏற்கலாம் என்பவர்களை அதனால் நான் முழுக்க மறுப்பதில்லை.

ஒப்பந்தத்தை வேறு யாராவது சரிபார்ப்பார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 10-ஆம் வகுப்பு தேறாதவர் ஓமானுக்கு வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தரும். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே கொத்தனாரின் ஒப்பந்தத்தை அரசு ஒரு முறையாவது பார்க்கிறது, விரிவுரையாளரின் ஒப்பந்தத்தை அவரைத் தவிர எவரும் படிப்பதில்லை. ஏஜெண்ட் வழியாகப் போனால் அவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி.

சான்றிதழ், வரி, பிள்ளைகள்

சான்றிதழ் வேலையில் அலைச்சல் உண்டு, குழப்பம் இல்லை. மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் வரும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, ராஜினாமா செய்து நோட்டீஸ் காலம் முடிந்தால்தான் தருவோம் என்கிற தனியார் கல்லூரிகள் நம் ஊரில் உண்டு. அசல் இல்லாமல் முத்திரை இல்லை, முத்திரை இல்லாமல் விசா இல்லை, விசா வராமல் இருக்கிற வேலையை விடவும் மனமில்லை. விண்ணப்பம் போடும் முன்பே அசலைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

தகுதியில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில இலக்கிய எம்.ஏ. மட்டும் வைத்திருப்பவரைவிட மொழிபயிற்றலில் பட்டமோ பயிற்சியோ உள்ளவரை அடித்தளப் படிப்புக்கு விரும்புகிறார்கள். கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் கற்பித்துக் காட்ட வேண்டும். காசு செலவுதான். ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவரிடம் காட்ட வேறு நல்ல சீட்டு நம்மிடம் இல்லை. தென்கொரியா தன் ஆங்கில ஆசிரியர் விசாவை வழக்கமாக ஏழு ஆங்கிலம் பேசும் நாட்டவருக்கே தருகிறது. வளைகுடாவில் அப்படிப் பட்டியல் போட்டு அடைப்பதில்லை. ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும்’ என்ற விளம்பரங்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வரியில் கவனிக்காமல் விடுகிற ஒரு கணக்கு உண்டு. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு அவர் இங்கே வசிப்பவர். செப்டம்பர் 10 அன்று விமானம் ஏறினால், ஏப்ரல் 1 முதல் அதற்குள் 163 நாள் ஓடிவிட்டது. 182-ஐத் தொடாமல் இருக்க 18 நாள்தான் மிச்சம். ஜனவரிப் பருவ விடுமுறைக்குப் பொங்கலை ஒட்டி மூன்று வாரம் ஊருக்கு வந்தால் கணக்கு தாண்டிவிடும். அந்த ஆண்டின் ஓமான் சம்பளமும் இந்திய வருமான வரிக் கணக்குக்குள் வரும். வருகிற நாளும் போகிற நாளும் சேரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஓமானிலேயே 2028 ஜனவரி முதல் தனிநபர் வருமான வரி வருகிறது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் போகிற பகுதிக்கு 5 சதவீதம். விரிவுரையாளர் சம்பளம் அந்த உயரத்துக்குப் போகாது.

குடும்பத்தோடு போகிறவர்கள் எந்த வளாகம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மஸ்கட் வேறு, சலாலா வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை சலாலாவில் தூறலும் பச்சையும், உள்நாட்டு ஊர்களில் கொளுத்தும் வெயில். சி.பி.எஸ்.இ. பாடத்திட்ட இந்தியப் பள்ளிகள் மஸ்கட்டில் மட்டுமல்லாமல் நிஸ்வா, சூர், சலாலா போன்ற ஊர்களிலும் உண்டு. பெண் பதினொன்றாம் வகுப்பில் எடுக்க நினைக்கும் பாடப்பிரிவு அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று அந்தப் பள்ளிக்கே எழுதிக் கேளுங்கள். இங்கிருந்து போகிறவர் மூன்றாவது மாதத்திலேயே திரும்பிவிட நினைப்பதற்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரும்பாலும் காரணம்.

திரும்பி வரும்போது

ஐந்து ஆண்டு கழித்து, தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் வெளிநாட்டுப் பணிக்காலத்தையும் கணக்கில் எடுக்க இடம் தருகின்றன. ஆனால் நிபந்தனைகள் உண்டு. பதவி உதவிப் பேராசிரியருக்கு இணையானதாக இருக்க வேண்டும், தகுதி குறைவாக இருந்திருக்கக் கூடாது. ஒப்பந்தப் பணியாக இருந்தால் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் சம்பளத்தைவிடக் குறையக் கூடாது. பாயில் உட்கார்ந்து காய் நறுக்கிய ஆண்டுகளை அடுப்படி ஆண்டுகளாக ஒப்புக்கொள்ளச் செய்வது இங்கேதான் கடினம். பதவிப் பெயர் ‘விரிவுரையாளர்’ என்றிருந்து, கற்பித்தது பட்டப்படிப்புக்கு முந்தைய நிலை என்று சான்றிதழ் சொன்னால், தேர்வுக் குழு தயங்கும். அடித்தள வகுப்போடு பட்டப்படிப்பு மாணவர்களின் தொழில்நுட்ப எழுத்துப் பாடம் ஒன்றையாவது கேட்டு வாங்கி எடுப்பவர்கள் இந்த இடத்தில் தப்பிக்கிறார்கள். வளாகத்துக்குள் அப்படிக் கேட்பது தவறில்லை. அந்தப் பாடங்களுக்கும் ஆள் தேவைப்படும்.

பணிச் சான்றிதழில் பதவி, கற்பித்த பாடங்கள், அவற்றின் நிலை, வார வகுப்பு நேரம், மாதச் சம்பளம், தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் தரும் சான்றிதழில் பெரும்பாலும் பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். அதனால் கற்பித்த வளாகத்தின் துறைத் தலைவரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதையும் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காமல் ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் வாங்கிவிடுங்கள். டெண்டர் அடுத்த நிறுவனத்துக்குப் போன பிறகு, பழைய நிறுவனத்தில் கையெழுத்துப் போட ஆளைத் தேட வேண்டியிருக்கும்.